தேடுவாரற்ற குழந்தைகள்: துப்பறியும் நாவலொன்றின் தோற்றுவாய்

துப்பறியும் நாவலைப் பொழுதுபோக்கு எழுத்தென ஒதுக்கிவிடும் விமரிசகர் பலர். அதற்கு அவர்கள் கூறும் காரணம் எளிமையானது. ஒரு குற்றம் நிகழ்கிறது, குற்றவாளி மறைந்திருக்கிறான், அறிவாற்றல் மிக்க ஒருவர் தடயங்களை ஒன்றோடொன்று பொருத்தி அவனை வெளிப்படுத்துகிறார், வாசகன் நிம்மதியாக நூலை மூடி வைக்கிறான். இவ்வமைப்பில் மனித துயரத்துக்கு உள்ள இடம், சதுரங்கப் பலகையில் வெட்டுண்ட காய்க்கு உள்ள இடத்திலும் பெரிதன்று என்பது அவர்தம் வாதம். இவ்வாதத்தில் உண்மை உண்டு. எனினும் இவ்வகையைச் சேர்ந்த ஒரு நாவல் எந்தச் சமூகப் பகைப்புலத்திலிருந்து, எந்த நிர்ப்பந்தத்தினால் பிறக்கிறது என்று வினவும்போது, இவ்வாதம் போதாது என்பது புலனாகும். காணாமற்போன குழந்தைகளைப் பொருளாகக் கொண்ட நாவல்களைப் பொறுத்தவரை இவ்வினா மேலும் கூர்மை பெறுகிறது. ஒரு தாயின் தீராத் துயரைப் புதிராக்கி விற்பது தகுமா என்ற அறவியற் பிரச்சினையும் அங்கே கூடவே எழுந்துவிடுகிறது.

இவ்வினாவை ஆராய்வதற்கு உகந்த நூல், தீபா அனப்பாரா ஆங்கிலத்தில் எழுதி 2020 ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஜின் பற்றோல் ஒன் த பேர்ப்பிள் லைன்’ என்னும் நாவலாகும். ‘ஊதா ரயில் பாதையில் ஜின்களின் ரோந்து’ என அதன் பெயரைத் தமிழிற் சொல்லலாம். கேரளத்திற் பிறந்து, பம்பாயிலும் டில்லியிலும் பத்திரிகையாளராகப் பணியாற்றியவர் அனப்பாரா. இது அவருடைய முதல் நாவல். அமெரிக்க மர்மக்கதை எழுத்தாளர் சங்கம் வழங்கும் எட்கார் விருதினை, சிறந்த நாவலுக்குரிய பிரிவில், 2021 இல் இது பெற்றது. இந்நாவலின் தோற்றுவாய் இந்தியாவின் நொய்டா நகரில் நிகழ்ந்த ஒரு கொடூரக் குற்றம் என்று பொதுவாகக் கூறப்படுவதுண்டு. அக்கூற்று அரை உண்மையே. குற்றத்திலும் பார்க்க, அக்குற்றத்துக்கு முன்னர் நெடுநாள் நிலவிய ஒரு பாராமுகமே இந்நாவலைப் பிறப்பித்தது. நாவலின் வலிமை, பலவீனம் ஆகிய இரண்டும் இவ்வேறுபாட்டை அறிந்துகொள்வதிலேயே தங்கியுள்ளன.

உண்மை நிகழ்ச்சியிலிருந்து துப்பறியும் கதை பிறப்பது புதிதன்று. இவ்வகையின் தொடக்க காலத்திலேயே அது நிகழ்ந்துவிட்டது. 1841 இல் நியூயோர்க்கில் மேரி றொஜர்ஸ் என்ற இளம்பெண் காணாமற்போய், பின்னர் ஹட்சன் ஆற்றிற் பிணமாகக் கண்டெடுக்கப்பட்டாள். எட்கார் அலன் போ அடுத்த ஆண்டே அந்நிகழ்ச்சியைப் பாரிஸ் நகரத்துக்குப் பெயர்த்து, பெண்ணின் பெயரைப் பிரெஞ்சுப் பெயராக்கி, ‘மாரி ரொஜேயின் மர்மம்’ என்ற கதையை எழுதத் தொடங்கினார். பத்திரிகைச் செய்திகளை மாத்திரம் படித்தே உண்மையைக் கண்டறிந்துவிடலாம் என்ற நம்பிக்கை அக்கதை முழுவதும் ஒலிக்கிறது. ஆனால் மேரி றொஜர்ஸைக் கொன்றவர் யார் என்பது இன்றுவரை நிறுவப்படவில்லை. கதை தீர்த்துவிட்டதாகப் பாவித்த புதிரை உலகம் தீர்க்கவில்லை. துப்பறியும் இலக்கியத்துக்கும் உண்மைக்கும் இடையிலான இப்பிளவு அன்றே தோன்றிவிட்டது.

குழந்தையொன்றைப் பொறுத்தவரை அகதா கிறிஸ்ரியின் ‘ஓரியன்ற் எக்ஸ்பிரஸ் கொலை’ தக்க உதாரணமாகும். 1932 மார்ச் முதலாந் திகதி, புகழ்பெற்ற விமானி சாள்ஸ் லின்ட்பேர்க்கின் இருபது மாதக் குழந்தை வீட்டுத் தொட்டிலிலிருந்து கடத்தப்பட்டது. மே மாதத்தில் அதன் சடலம் கண்டெடுக்கப்பட்டது. கிறிஸ்ரியின் நாவல் 1934 தொடக்கத்தில் வெளியாயிற்று. அவ்வாண்டு செப்டெம்பரிலேயே அவ்வழக்கின் சந்தேகநபர் கைதானார் என்பது மனங்கொளத்தக்கது. நீதிமன்றம் வாய்திறக்குமுன் கற்பனை தீர்ப்பளித்துவிட்டது. நாவலிற் கடத்தற்காரன் சட்டத்தின் பிடியிலிருந்து தப்பிவிடுகிறான். ஆயின் குழந்தையின் இழப்பாற் பாதிக்கப்பட்ட பன்னிருவர் ஒன்றுகூடி ஒரு ரயிற் பெட்டியில் அவனுக்குத் தண்டனை வழங்குகின்றனர். அந்நாவலின் கட்டுக்கோப்பு வியக்கத்தக்கது. ஆனால் அக்குழந்தை யார்? டெய்சி என்ற பெயரைத் தவிர அவளைப் பற்றி வாசகன் அறிவது மிகக் குறைவு. நாவல் தொடங்குவதற்கு முன்னரே அவள் இறந்துவிட்டாள். பெரியோரின் புதிரை இயக்கிவைக்கும் ஒரு காரணமாக மாத்திரமே அவள் பயன்படுகிறாள்.

இங்கே இன்னொன்றும் அவதானிக்கத்தக்கது. லின்ட்பேர்க்கின் குழந்தையை ஒரு நாடே தேடியது. பத்திரிகைகள் நாள்தோறும் முதற்பக்கத்தில் அச்செய்தியை வெளியிட்டன. அவ்வாண்டிலேயே அமெரிக்கக் காங்கிரஸ் ஆட்கடத்தலுக்கெதிரான சமஷ்டிச் சட்டத்தை இயற்றிற்று. அக்குடும்பத்தின் பெயராலேயே அச்சட்டம் இன்றும் வழங்குகிறது. பொலிஸும் நீதிமன்றமும் பத்திரிகையும் தவறினாலும், அவை தேடும் கடமையை ஏற்றுக்கொண்டன. துப்பறியும் நாவலின் மரபு இத்தகையதொரு சமூகத்தையே தன் அடிப்படையாகக் கொண்டது. குற்றம் நிகழ்ந்தால் யாரேனும் வருவார், வருபவர் வினவுவார், வினவினால் விடை கிடைக்கும் என்ற உத்தரவாதம் அங்கே உண்டு. இவ்வுத்தரவாதமே இல்லாத இடத்தில் துப்பறியும் நாவல் என்ன வடிவம் கொள்ளும்? அனப்பாராவின் நாவல் பிறந்த நிலம் அத்தகையது.

டில்லியை அடுத்து, உத்தரப் பிரதேச மாநிலத்தின் எல்லைக்குள் அமைந்தது நொய்டா நகரம். அதன் நவீன குடியிருப்புகளுக்கு நடுவே சிக்கிக்கொண்ட பழைய கிராமம் நிதாரி. வேலை தேடிப் பிற பகுதிகளிலிருந்து வந்த ஏழைக் குடும்பங்கள் அங்கு வாழ்ந்தன. அயலிலுள்ள மாடி வீடுகளில் துப்புரவு செய்வோர், துணி தேய்ப்போர், கூலிவேலை செய்வோர் ஆகியோரின் குடும்பங்கள் அவை. 2005, 2006 ஆம் ஆண்டுகளில் அக்கிராமத்துப் பிள்ளைகள் ஒருவர்பின் ஒருவராகக் காணாமற்போயினர். முறைப்பாடு செய்யச் சென்ற பெற்றோருக்குக் கிடைத்தது அலட்சியமே. பிள்ளை தானாக ஓடிப்போயிருக்கலாம், தேடிப்பாருங்கள் என்று அவர்கள் திருப்பியனுப்பப்பட்டனர். 2006 டிசெம்பர் இறுதியில், கிராமத்தை ஒட்டியிருந்த ஒரு பங்களாவின் பின்புறக் கால்வாயிலிருந்து எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. அதன் பின்னரே நாடு விழித்தது. வழக்கு மத்திய புலனாய்வுப் பிரிவிடம் சென்றது. கடமை தவறிய பொலிஸ் அதிகாரிகள் சிலர்மீது நடவடிக்கையும் எடுக்கப்பட்டது.

நிதாரி வெளிச்சத்துக்கு வருமுன்னரே, இந்தியத் தேசிய மனித உரிமைகள் ஆணைக்குழு செய்வித்த ஆய்வொன்று, ஆண்டொன்றுக்குச் சராசரியாக 44,000 பிள்ளைகள் காணாமற்போனதாக முறைப்பாடு பதிவாகிறதென்றும், அவர்களில் ஏறத்தாழ 11,000 பேர் கண்டுபிடிக்கப்படாமலே போய்விடுகின்றனர் என்றும் கூறியிருந்தது. பதிவேட்டில் ஏறாத பிள்ளைகள் இக்கணக்கிற் சேரமாட்டார்கள். நாவலின் பின்னுரையிலே அனப்பாரா தரும் கணக்கு இதனிலும் பெரிது. நாளொன்றுக்கு 180 பிள்ளைகள் வரை காணாமற்போவதாகச் சொல்லப்படுகிறது என்கிறார். இத்தொகைகளைப் படிக்கும்போது அதிர்ச்சி ஏற்படுகிறது. அடுத்த கணமே அது மங்கிவிடுகிறது. 11,000 என்ற எண்ணுக்கு முகமில்லை. அது அழுவதுமில்லை, சிரிப்பதுமில்லை.

பத்திரிகையாளராகிய அனப்பாராவின் இலக்கிய உந்துதல் இங்கேதான் தொடங்குகிறது. வறுமையும் மதவன்முறையும் பிள்ளைகளின் கல்வியை எவ்வாறு பாதிக்கின்றன என்பது பற்றி அவர் எழுதிவந்தவர். சேரிகளிலும் தெருக்களிலும் அவர் சந்தித்த பிள்ளைகள் இரங்கத்தக்க உருவங்களாக மாத்திரம் இருக்கவில்லை. அவர்கள் கேலி பேசினர். கேள்வி கேட்ட பத்திரிகையாளரையே எள்ளினர். நாளையைப் பற்றித் திட்டம் வகுத்தனர். ஆனால் செய்தியறிக்கையின் வடிவம் இவற்றை ஏற்பதில்லை. குறித்த சொற்களுக்குள் ஒரு தொகை, ஓர் அதிகாரியின் கூற்று, ஒரு தாயின் கண்ணீர் ஆகியவற்றை அடக்கிவிட வேண்டும். நிதாரி போன்ற நிகழ்ச்சிகளில் இக்குறை பன்மடங்காகிறது. குற்றஞ்சாட்டப்பட்டவர்களின் குணமும் பழக்கவழக்கமும் பக்கம் பக்கமாக எழுதப்படுகின்றன. மடிந்த பிள்ளைக்குக் கிடைப்பது ஒரு பெயரும் வயதும், பாஸ்போர்ட் அளவிலான ஒரு படமும் மாத்திரமே. ஓர் எழுத்து வடிவத்தின்மீது ஏற்பட்ட அதிருப்தியே இன்னொரு வடிவத்தை நாடச் செய்தது. அம்முயற்சியும் உடனே கைகூடிவிடவில்லை. தொடங்கிக் கைவிட்டு, பல ஆண்டுகள் சென்றபின், கதையைச் சொல்லும் குரல் ஒரு சிறுவனுடையதாக இருக்கவேண்டும் எனத் தெளிந்த பின்னரே நாவல் உருப்பெற்றது.

நாவலின் நகரத்துக்குப் பெயரில்லை. நிதாரி என்ற சொல்லும் அதன் கதைக்குள் வருவதில்லை. புகைமூட்டம் சூழ்ந்த ஒரு பெருநகரின் ஓரத்தில் ஒரு சேரி. குப்பை மேட்டுக்கு அப்பால் வானளாவும் மாடிக் குடியிருப்புகள். சேரியில் வாழும் ஒன்பது வயதுச் சிறுவன் ஜெய், தொலைக்காட்சியிற் காட்டப்படும் குற்றப்புலனாய்வு நிகழ்ச்சிகளின் தீவிர இரசிகன். வகுப்புத் தோழனான பகதூர் காணாமற்போகிறான். பொலிஸார் தேடப்போவதில்லை என்பது தெரிந்ததும், ஜெய் தன்னைத் துப்பறிவாளனாக நியமித்துக்கொள்கிறான். புத்தகங்களை விரும்பிப் படிக்கும் பரி என்ற சிறுமியும், கடையில் வேலைசெய்து குடும்பத்துக்கு உதவும் ஃபைஸ் என்ற முஸ்லிம் சிறுவனும் அவனுக்குத் துணை. பகதூரைத் தொடர்ந்து ஓம்வீர், ஆஞ்சல், சாந்தினி என ஒவ்வொருவராக மறைகின்றனர். இறுதியில் ஜெய்யின் அக்கா ருனுவும் மறைகிறாள்.

இக்கதையமைப்பில் முதலில் நோக்கற்பாலது பொலிஸார் வரும் காட்சியாகும். பகதூரின் தாய் அழைத்ததன்பேரில் வரும் பொலிஸார், பிள்ளையைப் பற்றிக் கேட்பதற்குப் பதிலாக அவளுடைய கழுத்துச் சங்கிலி எங்கிருந்து வந்தது என்று கேட்கின்றனர். சங்கிலி கைமாறுகிறது. தொல்லை கொடுத்தாற் சேரியையே இடித்துத் தள்ள இயந்திரங்கள் வரும் என்ற அச்சுறுத்தல் எஞ்சுகிறது. மரபான துப்பறியும் கதையிற் பொலிஸார் மந்தபுத்தியினர். அவர்களால் தீர்க்கவியலாத புதிரைத் தீர்க்கவே துப்பறியும் மேதை வருகிறார். இங்கே பொலிஸாருக்கு மூளை போதாமையன்று பிரச்சினை. அவர்கள் தேட விரும்பவில்லை. தேடுவதால் அவர்களுக்கு ஆவது ஒன்றுமில்லை. ஆகவே வெறிதாய்க் கிடக்கும் ஒரு நாற்காலியில் ஒன்பது வயதுச் சிறுவன் ஏறி அமர்கிறான். அவன் அமர்வது நகைப்பூட்டுகிறது. அந்த நாற்காலி ஏன் வெறிதாய்க் கிடக்கிறது என்பதை எண்ணியதும் நகைப்பு அடங்கிவிடுகிறது.

சிறுவனின் துப்பறிதலுக்கும் ஒரு விலை உண்டு. பகதூரைத் தேடி ஊதா ரயிலிற் செல்வதற்கு, அவசர காலத்துக்கென்று தாய் ஒளித்துவைத்திருந்த பணத்தை ஜெய் எடுத்துவிடுகிறான். அதைத் திருப்பி வைப்பதற்காகத் தேநீர்க்கடையொன்றில் அவன் உழைக்க வேண்டியிருக்கிறது. ஷேர்லொக் ஹோம்ஸுக்கும் வங்கத்துப் பியோம்கேஷ் பக்‌ஷிக்கும் பயணச்செலவு ஒரு பிரச்சினையாக இருந்ததில்லை. உண்மையைத் தேடுவதற்கும் ஓர் ஆகக்குறைந்த வசதி வேண்டும். அவ்வசதி எல்லார்க்கும் சமமாகப் பங்கிடப்படவில்லை என்பதை, எந்தப் பிரசங்கமுமின்றி, ஒரு கிளாசைக் கழுவும் சிறுவனின் வாயிலாக நாவல் உணர்த்துகிறது.

நாவலின் கட்டமைப்பில் மிகச் சிறந்த அம்சம் வேறொன்று. ஜெய்யின் குரலில் நகரும் அத்தியாயங்களுக்கு நடுவே, காணாமற்போகும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி அத்தியாயம் உண்டு. அப்பிள்ளையின் பெயரே அதன் தலைப்பு. அவர்கள் மறைவதற்குச் சற்று முந்திய பொழுதை அவை சித்திரிக்கின்றன. குற்றத்தை அவை காட்டுவதில்லை. பகதூருக்குத் திக்குவாய், ஆனால் பழுதுபட்ட மின்சாதனங்களைத் திருத்தும் கைத்திறன் உடையவன். ஓம்வீர் ஆடவல்லவனாக வேண்டுமென்ற கனவுடையவன். ஆஞ்சலின் நடத்தையைப் பற்றி அயலவர் அவதூறு பேசுகின்றனர். அந்த அவதூறே அவளைத் தேடாமல் விடுவதற்குரிய நியாயமாகிவிடுகிறது. அவளுடைய அத்தியாயத்திலோ அவ்வதந்திகளோடு சிறிதும் பொருந்தாத ஒரு பெண் வெளிப்படுகிறாள். லின்ட்பேர்க்கின் குழந்தை கிறிஸ்ரியின் நாவலிற் பெறாத இடத்தை இப்பிள்ளைகள் பெறுகின்றனர். செய்தித்தாளிற் பெயரும் வயதுமாக மாத்திரம் எஞ்சியவர்களுக்கு ஒரு மாலைப் பொழுதையாவது மீட்டுக்கொடுக்கும் செயல் இது.

ஜின்கள் பற்றியும் ஈண்டுக் கூறவேண்டும். பிள்ளைகளைக் கொண்டுசெல்வது தீய ஜின்களே என்று ஃபைஸ் நம்புகிறான். நாவலின் மூன்று பகுதிகளும் பேய்க்கதை ஒவ்வொன்றோடு தொடங்குகின்றன. அவை உயிர்காக்கும் கதைகளாகச் சொல்லப்படுகின்றன. மேனாட்டு வாசகரைக் கவரும்பொருட்டுக் கீழைத்தேய மாயத்தைத் தூவும் உத்தி இது என்று சிலர் கருதக்கூடும். அவ்வாறு கருதுவதற்கு நாவலின் பெயரும் இடமளிக்கிறது. ஆயினும் கதையினுள் இந்நம்பிக்கைக்குத் திட்டவட்டமான ஒரு சமூகப் பணி உண்டு. பொலிஸாரிடம் முறையிட முடியாதவன் ஆவியிடம் முறையிடுகிறான். அண்டை வீட்டாரை ஐயுறுவதிலும் ஜின்னை ஐயுறுவது ஆபத்துக் குறைந்தது. ஜின்னைக் கைதுசெய்ய எவரும் கிளம்புவதில்லை. ஜின்னின் வீட்டுக்கு எவரும் தீ வைப்பதுமில்லை.

இதன் மறுபக்கத்தை நாவல் கூர்மையாகக் காட்டுகிறது. விடை கிடைக்காத சமூகம் தானே ஒரு விடையை உற்பத்தி செய்துகொள்கிறது. சேரியில் இயங்கும் இந்து அமைப்பொன்று முஸ்லிம்களே பிள்ளைகளைக் கடத்துகின்றனர் எனப் பரப்புரை செய்கிறது. ஃபைஸின் அண்ணன் தாரிக் கைதாகிறான். கபீர், கதீஃபா என்ற முஸ்லிம் உடன்பிறப்புகள் மறைந்த பின்னரும் அந்த ஐயம் முற்றாக அகல்வதில்லை. தடயத்திலிருந்து குற்றவாளிக்குச் செல்வது துப்பறிதல். குற்றவாளியை முதலில் நிச்சயித்துக்கொண்டு தடயத்தைத் தேடுவது வகுப்புவாதம். இவ்விரண்டும் ஒரே மொழியைப் பேசக்கூடும் என்பதைத் துப்பறியும் நாவலின் வடிவத்துக்குள்ளேயே நின்று காட்டியிருப்பது அனப்பாராவின் குறிப்பிடத்தக்க சாதனையாகும்.

இந்நாவலைத் தமிழில் வைத்துச் சிந்திக்கும்போது ஒரு மொழிநுட்பம் துணைபுரிகிறது. ‘பிள்ளை காணாமற்போயிற்று’ என்னும்போது அவ்வாக்கியத்தின் எழுவாய் பிள்ளையே. போனது அதன் செயல். ‘காணாமல் ஆக்கப்பட்டது’ என்னும்போது ஆக்கியவர் யார் என்ற வினா தானாகவே எழுந்துவிடுகிறது. ஈழத்துத் தமிழர் இவ்வேறுபாட்டை இலக்கண நூலிலிருந்து கற்றுக்கொள்ளவில்லை. 2016 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த அலுவலகத்தின் பெயரிற் ‘காணாமற்போன’ என்ற சொல்லே இடம்பெற்றது. 2017 பெப்ரவரியிற் கிளிநொச்சியிலே தொடர் போராட்டத்தைத் தொடங்கிய உறவினரோ ‘வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்ற தொடரையே வற்புறுத்தினர். அரசியலும் வரலாறும் வேறாயினும், நிதாரிப் பெற்றோருக்கு மறுக்கப்பட்டதும் இதே வினைச்சொல் மாற்றமே. பிள்ளை ஓடிப்போயிற்று என்ற வாக்கியம் பொலிஸ் நிலையத்தின் கதவை மூடிவிட்டது. பிள்ளைகள் உரிமை அமைப்பொன்று தொடுத்த வழக்கில், 2013 மே 10 ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றம் இக்கதவைத் திறக்க முனைந்தது. காணாமற்போன பிள்ளை பற்றிய ஒவ்வொரு முறைப்பாடும் முதற்றகவல் அறிக்கையாகப் பதியப்படவேண்டும் என்றும், மறுதலையாக நிறுவப்படும்வரை அது கடத்தல் அல்லது ஆட்கடத்தல் வணிகம் என்றே கொள்ளப்படவேண்டும் என்றும் அது பணித்தது. ‘போதல்’ ‘ஆக்கப்படுதல்’ ஆயிற்று. நாவலின் அரசியலும் அந்த வினைச்சொல் மாற்றத்துக்குள் அடங்கிவிடுகிறது.

இனி, நாவலுக்கெதிராக எழக்கூடிய தடைகளை நோக்குதல் தகும். ஆங்கிலத்தில் எழுதும், கல்வி பெற்ற ஒருவர் சேரிச் சிறுவனின் குரலைக் கைக்கொள்வது எவ்வளவுக்கு நேர்மையானது என்பது முதலாவது. ‘பஸ்தி’, ‘தீதீ’ முதலான இந்திச் சொற்களை விளக்கமின்றியே ஆளும் அவருடைய நடை, மேனாட்டு வாசகனின் வசதிக்காக உலகத்தை மொழிபெயர்த்துத் தர மறுக்கிறது. அவ்வளவில் அது நேர்மையானதே. எனினும் ஜெய்யின் நகைச்சுவை சிற்சில இடங்களில் அளவுமீறி, சேரியின் அழுக்கையும் நெரிசலையும் இரசிக்கத்தக்க காட்சியாக்கிவிடுகிறது என்பதை மறுப்பதற்கில்லை. இரண்டாவது தடை, முன்னர் சுட்டிய அறவியற் பிரச்சினை: துயரத்தைப் புதிராக்கி இன்பம் நுகரலாமா? இதற்கு நாவல் வகுத்திருக்கும் விடை நுட்பமானது. ஜெய் துப்பறியும் கதைகளின் இரசிகன். அதாவது, வாசகனின் பிரதிநிதி. முதலிற் பகதூரின் மறைவு அவனுக்கு ஒரு விறுவிறுப்பான விளையாட்டு. வாசகனுக்கும் அவ்வாறே. மறைவு அவன் வீட்டுக்குள் நுழையும்போது அவ்விளையாட்டு சாம்பலாகிறது. தான் இரசித்து வந்தது என்ன என்று வாசகன் தன்னையே கேட்டுக்கொள்ள நேர்கிறது. துப்பறியும் நாவலின் இன்பத்தை முதலில் வழங்கி, பின்னர் அதன் கணக்கைக் கேட்பது இந்நாவல் கையாளும் முறை.

ஆயினும் முடிவிற் கட்டுக்கோப்பு சற்றுத் தளர்கிறது. மாடிக் குடியிருப்பில் வேலைசெய்யும் ஒருவனிடம் பிள்ளைகளின் உடைமைகள் சில அகப்படுகின்றன. அவனுடைய வசதிபடைத்த எசமானியும் கைதாகிறாள். சேரி திரண்டு மாடியை முற்றுகையிடுகிறது. இம்முடிவு வர்க்க முரண்பாட்டைக் கண்கூடாக்குகிறது என்பது உண்மையே. ஆனால் அதுவரை ஓர் அமைப்பின் மீதிருந்த பார்வையை இரு தனிமனிதர்மீது அது குவித்துவிடுகிறது. குற்றவாளிக்கு ஒரு முகம் வேண்டும் என்ற வகையின் நிர்ப்பந்தத்துக்கு நாவலாசிரியை இணங்கிவிட்டார். பொலிஸ் நிலையத்திற் பதியப்படாத முறைப்பாட்டுக்குப் பொறுப்பானவர் எவரும் கைதாவதில்லை. உந்துதலுக்கும் வடிவத்துக்கும் இடையிலான இழுபறியில் இவ்விடத்தில் வடிவமே வென்றிருக்கிறது.

நாவல் வெளியான பின்னர் நிகழ்ந்தவை இப்பலவீனத்தை மேலும் துலக்கமாக்கியுள்ளன. நிதாரி வழக்குகளில் விசாரணை நீதிமன்றங்கள் 2009 முதல் மரணதண்டனைத் தீர்ப்புகளை வழங்கி வந்தன. 2023 ஒக்ரோபரில் அலகாபாத் உயர் நீதிமன்றம், தன்முன் இருந்த வழக்குகளிற் குற்றஞ்சாட்டப்பட்ட இருவரையும் விடுதலை செய்தது. புலனாய்வு நடைபெற்ற விதத்தையும் அது கடுமையாகக் கண்டித்தது. 2025 யூலையில் உச்ச நீதிமன்றம் அவ்விடுதலைகளை உறுதிசெய்தது. எஞ்சியிருந்த ஒரேயொரு வழக்கிலும் 2025 நவம்பரில் விடுதலை கிடைத்தது. ஏறத்தாழ பத்தொன்பது ஆண்டுகளின் பின்னர், சட்டத்தின் கண்ணில், நிதாரிப் பிள்ளைகளைக் கொன்றவர் எவருமிலர். முதலில் முறைப்பாட்டைப் பதியாமையும், பின்னர் விசாரணையைச் செவ்வனே நடத்தாமையும் ஒரே பாராமுகத்தின் இரு முனைகளாகும். கிறிஸ்ரியின் நாவலைப் போலவே இந்நாவலும் நீதிமன்றத்தை முந்திக்கொண்டு தீர்ப்பளித்தது. ஆனால் நீதிமன்றத்தின் இறுதிச்சொல் அத்தீர்ப்பின் பக்கம் நிற்கவில்லை.

இந்நிலையில் நாவலின் இறுதிப் பகுதியில் உள்ள ஒரு விடயம் தனிப்பெறுமதி பெறுகிறது. குற்றவாளிகள் பிடிபட்ட பின்னரும் ருனு கிடைப்பதில்லை. அவளுடைய உடலும் கிடைப்பதில்லை. ஏன் கொண்டுசென்றனர் என்பதற்கும் ஊர்வாயிற் பல கதைகள் உலவுகின்றனவேயன்றி, உறுதியான விடை இல்லை. புதிரைத் தீர்த்துவைத்த கையோடேயே, அத்தீர்வு ஒன்றையும் திருப்பித் தரவில்லை என்பதை நாவலாசிரியை காட்டிவிடுகிறார். வகையின் நிர்ப்பந்தத்துக்குக் குற்றவாளியைக் கொடுத்த அவர், பிள்ளையைக் கொடுக்க மறுத்துவிட்டார். ஓடுவதில் வல்லவளான ஒரு சிறுமி, தம்பியின் நினைவிலும் வீட்டின் வெறுமையிலும் மாத்திரம் எஞ்சுகிறாள். இந்த மறுப்பே நாவலைப் பொழுதுபோக்கு எழுத்தின் எல்லைக்கு அப்பால் கொண்டுசெல்கிறது. நீதிமன்றத் தீர்ப்புகள் எவ்வாறு அமையினும் இப்பகுதி பொய்த்துப்போகாது.

துப்பறியும் நாவலின் மூலவினா ‘யார் செய்தார்?’ என்பது. அவ்வினாவுக்கு அனப்பாரா அளித்த விடை மரபுவழிப்பட்டது. நாவலின் வலுக்குறைந்த பகுதியும் அதுவே. ஆனால் அவரை எழுதத் தூண்டிய வினா ‘யார் தேடவில்லை?’ என்பது. அவ்வினாவை அவர் முதல் அத்தியாயங்களிலேயே எழுப்பிவிட்டார். அதற்குரிய விடையை அவர் மறைத்து வைக்கவுமில்லை. பொலிஸ் நிலையத்தில், பத்திரிகை அலுவலகத்தில், மாடி வீட்டுச் சாளரத்தில், சேரியின் ஒழுங்கைகளில் அது எல்லார் கண்ணுக்கும் படும்படியே கிடந்தது. 44,000 என்ற தொகையைப் படித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டிய வாசகனும் அவ்விடையின் ஒரு பகுதியே. அவனைச் சற்று நிறுத்தி, பகதூர் என்ற சிறுவன் திக்கித் திக்கிப் பேசுவதைக் கேட்கச் செய்வதற்கு, நகைச்சுவையும் விறுவிறுப்பும் கலந்த ஒரு துப்பறியும் கதை தேவைப்பட்டது. அவ்வகையின் பயன்பாட்டுக்கு இதனிலும் மேலான நியாயம் வேண்டுவதில்லை.